பழைய விமானத்துக்கு ஒரு வக்காலத்து

பானுப்பிரியா வாயைத் திறந்தால் பாக்கிங் ஹாலில் கைகள் வேகமாக ஓடும். சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தை ஒட்டி அவள் வேலை பார்க்கிற பட்டாசு கம்பெனியில் இது போர்மேனுக்கே தெரியும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அவள் யாரையாவது வம்புக்கு இழுத்து, அவர்களுக்காக ஒரு குரலிலும் எதிராக ஒரு குரலிலும் மாறி மாறி வாதாடி, கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மூன்றாவது குரலில் தீர்ப்பும் சொல்லுவாள். ஒரு தடவை சளி பிடித்து அவள் பேசாமல் இருந்தாள். அன்றைக்கு ஹாலே தூங்கி வழிந்தது. "ஏம்மா, சுக்குத் தண்ணியக் குடிச்சிட்டாவது ரெண்டு வார்த்தை பேசும்மா, லோடு நிக்குது" என்று போர்மேன் வந்து கெஞ்சும்படி ஆயிற்று.

பிறக்கும்போதே அவளுக்கு வாய் நீளம் என்று அம்மா சின்னத்தாய் சொல்லுவாள். ஆனால் மேடையேறிப் பேசக் கற்றது இந்த ஊரில் இல்லை. கல்யாணம் ஆனபோது பானுப்பிரியாவுக்கு இருபத்தொரு வயது. மாப்பிள்ளை முனியராஜுக்கு ஊர் எம். புதுப்பட்டி, வேலை விமானப்படையில். தாலி ஏறின கையோடு அவளை ராஜஸ்தான் பாலைவனத்து ஓரத்தில் இருந்த ஒரு விமான தளத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். வெயில் அவளுக்குப் பழகின வெயில்தான். சத்தமும் அப்படித்தான், பட்டாசுச் சோதனை கேட்டு வளர்ந்த காதுக்கு விமானச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. வாய்தான் பூட்டிக்கொண்டது. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. காய்கறி வண்டிக்காரனோடு தினமும் மல்லுக்கட்டித்தான் அந்த பாஷையைப் பிடித்தாள். அதனால் இந்தியில் அவளுக்கு நலம் விசாரிக்க வருவதற்கு முன்னால் விலை குறைக்க வந்தது.

குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். பேச வேண்டிய அம்மாவுக்குக் காய்ச்சல். "பானுவ ஏத்தி விடுங்க" என்று யாரோ கைகாட்டினார்கள். ஏறினாள். அவளை இறக்குவதற்கு மறுபடி மறுபடி மணி அடிக்க வேண்டியிருந்தது.

முனியராஜின் வேலையை ஊரில் சொன்னால் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. அவர் விமானம் ஓட்டியவர் இல்லை. மிக்-21 என்கிற போர் விமானத்தில் விமானி உட்காரும் இருக்கையைப் பராமரித்தவர். அந்த இருக்கையோடு வெடிமருந்துக் குப்பி ஒன்று பொருத்தியிருக்கும். விமானம் கையை மீறிப் போனால் விமானி கைப்பிடியை இழுக்க வேண்டும். மருந்து வெடித்து, ஆளை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும். அப்புறம் பாராசூட் விரியும்.

பயிற்சியில் முதன்முதலாக அந்தக் குப்பியைக் கையில் கொடுத்தபோது முனியராஜ் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். சீல் வைத்த குப்பியில் வாசம் எங்கே வரும்? ஆனால் அவர் வளர்ந்த இடத்தில் மருந்தைக் கையில் வாங்கினால் மூக்கு தானாகப் போகும். சொல்லிக்கொடுத்த அதிகாரி போட்ட சத்தத்தை முனியராஜ் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். "நம்ம ஊரே நல்லா வெடிக்கணும்னு சாமி கும்பிடும். நான் ஒருத்தன்தான் வெடிக்கிற நிலைமையே வரக் கூடாதுன்னு கும்பிட்டுட்டு வேலை பாத்தேன்" என்பார்.

நாற்பதை நெருங்கும்போது அவருடைய பணிக்காலம் முடிந்தது. ஊருக்கு வந்து நாரணாபுரத்தில் வீடு பிடித்தார்கள். அவருக்கு எம். புதுப்பட்டியில் ஒரு ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வை, அவளுக்குப் பாக்கிங். அவர் பராமரித்த விமானத்துக்கும் போன செப்டம்பரில் சண்டிகரில் வைத்து விடை கொடுத்தார்கள். அதை டிவியில் கடைசிவரை பார்த்துவிட்டு, எழுந்து போய்த் தன் மோட்டார் சைக்கிளைக் கழுவினார்.

விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற சீனிவாசகம் அண்ணாச்சிக்குச் சொந்தமாக ஒரு பட்டிமன்றக் குழு உண்டு. எப்போதும் நடுவர் அவர்தான். பானுப்பிரியா அந்தக் குழுவில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். யாராவது வர முடியாமல் போனால் கூப்பிடுவார்கள். வந்தவளை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பேசவிட்டு, சூடு பிடிக்கிற நேரத்தில் மணி அடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அணித் தலைமை அவளுக்கு வாய்த்ததே இல்லை. தலைவருக்குத்தான் முதல் பேச்சும் கடைசிப் பேச்சும். கூட்டம் ஞாபகம் வைத்துக்கொண்டு போவது தலைவரைத்தான்.

இந்தப் பங்குனியில் அண்ணாச்சி அவளைப் பருப்பு மண்டிக்கு வரச் சொன்னார்.

"நாரணாபுரம் பங்குனிப் பொங்கலுக்கு நம்ம குழுதான். தலைப்பக் கேளு. ஓய்வு பெற்ற போர் விமானம் இன்றைய விமானத்தோடு மோத முடியுமா, முடியாதா?"

பானுப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அண்ணாச்சி, மாமியார் மருமக எல்லாம் தீந்து போச்சா?"

"செலவ ஏத்துக்கிட்டது பட்டாசு ஆலை ராஜபாண்டியன் முதலாளி. அவரு ராக்கெட்டுப் பெட்டியில பழைய விமானப் படம்தான போட்டுருக்காரு? டிவியில வழியனுப்புனதப் பாத்ததுல இருந்து மனுசனுக்கு ஒரே உருக்கம். அவரு ஆசையாக் குடுத்த தலைப்பு. மாத்த முடியாது." அண்ணாச்சி ஒரு கை உளுந்தை அள்ளி, ஊதிப் பார்த்துவிட்டு மூட்டைக்குள் போட்டார். "முடியாதுங்கிற அணிக்கு நம்ம ஸ்ரீராம்குமார் தலைமை. முடியும்ங்கிற அணிக்கு நீ."

"நானா? தலைமையா?"

"பின்ன? விமானத்தோட குடித்தனம் பண்ணவ நீதான? நல்லாப் போச்சுன்னா சித்திரை முச்சூடும் உனக்குத்தான் தலைமை. சொதப்பிட்டன்னா ராஜபாளையத்துல ஒரு டீச்சரம்மா கேட்டுக்கிட்டே இருக்காக, அவுகளப் போட்டுருவேன். அண்ணாச்சி சொல்லலைன்னு பின்னாடி வந்து நிக்கக் கூடாது."

"சொதப்ப மாட்டேன் அண்ணாச்சி."

"உனக்கு வந்தது லேசான பக்கம் தாயி. பழசுன்னு சொன்னாலே நம்ம சனம் கை தட்டும். பழைய சோறு, பழைய பாட்டு, பென்சன் வாங்குறவுக பெருமை, கடைசியில ரெண்டு சொட்டுக் கண்ணீரு. முதலாளி மனசும் குளிர்ந்துரும். ஒண்ணே ஒண்ணு. எதிரணிக்கு எதையும் விட்டுக்குடுக்கக் கூடாது. ஆமா, இருந்தாலும்னு இழுத்தன்னு வையி, கூட்டம் எந்திரிச்சு பஜ்ஜி திங்கப் போயிரும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போதே பானுப்பிரியாவுக்கு முடிவுரை தயாராகிவிட்டது. 'என் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்றவர்தான். இருபது வயசுப் பையன்களோடு போட்டி போட்டு வேலை பார்க்கலையா? கோடை வெயிலில் ஆலை முழுக்கச் சுற்றி வரலையா? அவரால் முடியும்போது அவர் பார்த்த விமானத்தால் முடியாதா?' கை தட்டல் எந்த இடத்தில் விழும் என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. சன்னல் பக்கம் திரும்பித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

வீட்டில் முனியராஜ் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விமானப்படைப் பழக்கம், தன் துணியை அவரே தேய்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அவள் தலைமை கிடைத்த சேதியைச் சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சபாசு! அப்ப வீட்டுல எனக்கும் இனிமே மணி அடிச்சாத்தான் பேச்சு நிக்குமா?" என்றார்.

"கேலி இருக்கட்டும்ங்க. விமானத்தப் பத்திச் சொல்லுங்க. நல்லதா சொல்லுங்க."

அவர் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். "ஒல்லியான விமானம். தூரத்துல வந்தாக் கண்ணுல சட்டுனு படாது. நெட்டுக்குத்தலா ஏறுச்சுன்னா புதுசுகளே அண்ணாந்து பாக்கணும். கடைசிக் காலத்துல அதுக்குப் புது ரேடாரு, புது ஏவுகணை எல்லாம் மாட்டுனாக. விமானி தலையத் திருப்புனாக் குறியும் சேந்து திரும்பும், அப்படி ஒரு ஹெல்மெட்டு. பயிற்சி மோதல்ல புது விமானக்காரவுகளே அசந்து போனாகன்னு எங்க செக்சன்ல பேசிக்கிடுவோம்."

"இது போதும். இதுவே போதும். குறை என்ன? எதிரணி எதைப் பிடிக்கும்?"

"எண்ணெய் கொஞ்சந்தான் பிடிக்கும். சண்டை நம்ம வாசல்ல நடந்தாச் சரி. தூரத்துக்குப் போயி சண்டை போட்டுத் திரும்பி வர முடியாது. மூக்கு சின்னது. அதுக்குள்ள எம்புட்டுப் பெரிய ரேடாரத் திணிக்க முடியும்? இறங்குறப்ப மணிக்கு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல வேகம். அந்த வேகத்துல தப்பு பண்ணினா திருத்துறதுக்கு நேரம் கிடையாது."

அவள் உற்சாகம் தாங்காமல் எழுந்து நின்று, முடிவுரையைக் கையை ஆட்டிப் பேசிக் காட்டினாள். 'அவரால் முடியும்போது' என்ற இடத்தில் அவர் பக்கம் கையை நீட்டினாள். முனியராஜ் சட்டையைத் திருப்பிப் போட்டு, ஏற்கெனவே தேய்த்த கையை மறுபடியும் தேய்த்தார்.

"முடியும்னேதான் சொல்லப் போறியா?"

"என் அணி அதுதானங்க? வேற என்னத்தச் சொல்ல?"

"எல்லாம் முடியும் பானு. ஆனா நான் கட்டுன சீட்டுல ஒருத்தன் உக்காரணும்ல?"

அதற்கப்புறம் அவர் சொன்னது அவளுக்குப் பாதி தெரிந்த கதை. ஒரு இளம் விமானி. அந்தப் பக்கத்து அம்மன் கோயில் திருநீறு மாதிரி எதையோ எப்போதும் நெற்றியில் பூசியிருப்பான். பறப்பதற்கு முன்னால் செக்சனுக்கு வந்து, "சிவகாசி, ராக்கெட் தயாரா?" என்று இந்தியில் கேட்டுவிட்டுத்தான் போவான். பானுப்பிரியா சுட்ட முறுக்கு என்றால் அவனுக்கு உயிர். ஒருநாள் காலையில் அவன் தளத்துக்குத் திரும்பி இறங்குகிற நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. விமானம் ரொம்பத் தாழ்வாக வந்திருந்தது. பக்கத்தில் வீடுகள். அவன் கைப்பிடியை இழுக்கவில்லை. விசாரணை செய்தவர்கள் இருக்கையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினார்கள். இதுவரைக்கும் அவளுக்குத் தெரியும்.

"அந்தச் சீட்டப் பிரிச்சு எடுத்தது நான்தான்" என்றார் முனியராஜ். "குப்பி அப்படியே இருந்துச்சு. வெடிக்கவே இல்ல. நான் கும்பிட்டது அதுக்கில்ல பானு."

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

"விமானம் பழசு. பையன் புதுசு. இன்னும் முடியும் முடியும்னு சொல்லிச் சொல்லித்தான் அவன மாதிரிப் பயல்கள ஏத்தி விட்டோம். நானும் சேந்துதான் ஏத்தி விட்டேன். நீ பேசு. வேண்டாம்னு சொல்லல, இது உனக்குக் கிடைச்ச இடம். நான் வரல, அம்புட்டுதான்."

அவள் பேசிய எந்தக் கூட்டத்துக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. ஆனால் அவர் வராவிட்டாலும் பேச்சு அவரைத் தேடிவரும். பொங்கலுக்கு நாரணாபுரத்தில் தெருவுக்கு ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். ஒன்று அவர்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்திலேயே தொங்கும். கதவைச் சாத்தினாலும் சன்னல் வழியாக வரும். தான் என்ன பேசினாலும் அது அந்த மனுசன் காதில் விழாமல் போகாது என்று பானுப்பிரியாவுக்குத் தெரிந்தது. தலைமையை விட்டுவிடவும் அவளுக்கு மனசில்லை. இவ்வளவு வருடம் ஓர நாற்காலியில் உட்கார்ந்து மணிச் சத்தம் கேட்டவள் அவள். வேறு முடிவுரை கிடைக்குமா என்று இரண்டு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பழைய சோற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பாக்கிங் ஹாலில் பேசிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தாள். எல்லோருக்கும் தலைப்பு தெரிந்திருந்தது. "முடியும்னு அடிச்சு விடுக்கா" என்றார்கள். அவள் புது ரேடாரைச் சொன்னாள், ஹெல்மெட்டைச் சொன்னாள். பெட்டிகள் மளமளவென்று நிறைந்தன. எதிர் வரிசையில் முத்துமாரி உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. ஆனால் பேசினால் கொட்டுகிற மாதிரி ஒன்று வரும்.

"அந்த விமானம் தாங்கும்ங்கற?" என்றாள் முத்துமாரி.

"தாங்கும்."

"சரி, தாங்கும். உள்ள யாரு உக்காருவா? உன் வீட்டுக்காரர ஏத்தி விடுவியா?"

"அவரு ஓட்டுறவரு இல்லடி."

"அப்ப தாங்கும்னு சொல்ற முதலாளி உக்காருவாரா? அவுக என்னைக்கு உள்ள உக்காந்துருக்காக? தாங்கும் தாங்கும்னு வாசல்ல நின்னு சொல்றது ஒரு ஆளு, உள்ள உக்காருறது வேற ஆளாத்தான இருக்கு?"

அடுக்கிக்கொண்டிருந்த கைகள் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடின. அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருத்திக்கும் உள்ளே உட்காருகிற ஆள் வீட்டில் ஒருவராவது உண்டு. மருந்து அறையிலோ, திரி ஏற்றுகிற ஷெட்டிலோ. பானுப்பிரியா அன்றைக்கு மிச்ச நேரம் பேசவே இல்லை. போர்மேன் எட்டிப் பார்த்தார். பெட்டிகள் நிறைந்துகொண்டுதான் இருந்தன என்பதால் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

பொங்கலன்று சாயங்காலம் கோயில் பொட்டலில் நல்ல கூட்டம். முன் வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜபாண்டியன் முதலாளி, வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக. பெண்கள் பக்கம் பாக்கிங் ஹாலே வந்து உட்கார்ந்திருந்தது. பானுப்பிரியா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, அதன் கைப்பிடியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். பயம் ஒன்றும் இல்லை. மைக்கைப் பார்த்தால் அவளுக்குப் பசிதான் எடுக்கும்.

முதல் பேச்சில் அவள் விமானத்தை வானத்தில் ஏற்றிக் காட்டினாள். அது நெட்டுக்குத்தலாக ஏறுவதைக் கையாலும், அதன் சத்தத்தை வாயாலும் செய்தாள். குழந்தைகள் கூடவே சத்தம் கொடுத்தார்கள். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது.

ஸ்ரீராம்குமார் எழுந்தான். ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளன், சுருக்கமாகவும் சிரிக்கச் சிரிக்கவும் பேசக்கூடியவன். "அக்கா விமானம் அழகுதான், நடுவர் அவர்களே. ஆனா இது கட்டிப் புரள்ற மல்யுத்தம் இல்ல. எவன் முதல்ல பாக்குறானோ அவன் ஜெயிச்சான். அக்கா விமானம் எதிரியத் தேடிக்கிட்டு இருக்கும்போதே, எதிரி அதைப் பாத்து, குறிவச்சு, நூறு கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருந்தே அடிச்சுட்டு, வீட்டுக்குப் போயிக் காபி குடிச்சுக்கிட்டு இருப்பான். புது ரேடார் மாட்டுனாங்களாம். பழைய மொபெட்டுக்குப் புது ஹெட்லைட்டு மாட்டிட்டு பைபாஸ்ல ஆம்னி பஸ்ஸ முந்திருவீங்களா?"

பொட்டலே சிரித்தது. பானுப்பிரியாவும் சிரித்தாள். நல்ல அடி; தடுக்க முடியாத அடி. அடுத்தடுத்துப் பேசியவர்கள் பழைய சோற்றையும் புது மிக்சியையும் இழுத்துப் பார்த்தார்கள். மணி அடித்தது. கடைசிப் பேச்சுக்கு அவள் எழுந்தாள்.

வீட்டுக்காரரைப் பற்றிய முடிவுரை நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைப் பேசியிருந்தால் கை தட்டல் நிச்சயம்.

"தம்பி ஒண்ணு கேட்டாப்ல. மொபெட்டு ஆம்னி பஸ்ஸ முந்துமான்னு. முந்தாது. ஒத்துக்கிடுறேன்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கை மணிப் பக்கம் போனது.

"ஆனா முந்துமான்னு முதலாளி கேக்கல. மோத முடியுமான்னுதான் கேட்டாரு. முடியும். நம்ம வாசல்ல வச்சு, கொஞ்ச நேரம், எதிரி அசந்திருந்தா முடியும். ஒரு குத்து குத்திட்டுத்தான் விழும். அதுக்கு மேலயும் சொல்றேன். சில நாட்டுல ஓய்வு குடுத்த விமானத்த ஆளே இல்லாமப் பறக்க விடுறாக. புது விமானங்க அதைக் குறியா வச்சுச் சுட்டுப் பழகுது. எதிரி தன் ஏவுகணைய வீணாக்கட்டும்னு முன்னால அனுப்புற பொய் விமானமாவும் ஆக்கலாம்ங்கிறாக. அப்படி ஒரு வேலை குடுத்தா அது இன்னைக்கும் புதுசுகளுக்கு முன்னால பறந்து நிக்கும். அதனால என் அணி பேச்சுல மாத்தமே இல்ல."

பெண்கள் பக்கம் பார்த்தாள். முத்துமாரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தலைப்புல ஒண்ணு விட்டுப் போச்சு அண்ணாச்சி. உள்ள யாரு உக்காருறதுன்னு எழுதல. எங்க பாக்கிங் ஹால்ல ஒருத்தி கேட்டா. தாங்கும்னு சொல்றவுக உள்ள உக்காருவாகளான்னு. எனக்குப் பதில் வரல. ஒரு சாமானம் இன்னும் ஓடும், இன்னும் தாங்கும், இந்த ஒரு சீசன் ஓட்டிப் பாத்துக்கிடலாம்னு சொல்றதுக்கு நாக்கு போதும். உள்ள உக்காருறதுக்கு உடம்பு வேணும். அது யாரோ பெத்த பிள்ளை உடம்பு. விமானம் மோதட்டும். அதுக்காக ஒரு பயல ஏத்தி விடுற பேச்ச நான் பேச மாட்டேன். அதுக்குத் தலைமை வேற ஆளப் பாத்துக்கோங்க."

அந்த இளம் விமானியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது முனியராஜின் மனசில் இருக்கிற விஷயம். குழாய் ஒலிபெருக்கியில் போடுவதற்கில்லை.

பஜ்ஜிக் கடையில் எண்ணெய் பொரிகிற சத்தம் மேடை வரை கேட்டது. ராஜபாண்டியன் முதலாளி போனைக் காதில் வைத்தபடி எழுந்து வெளியே போனார். உண்மையிலேயே அழைப்பு வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து கை தட்டல் கிளம்பியது. அது நிற்க வெகுநேரம் ஆயிற்று.

ஸ்ரீராம்குமார் எழுந்து நின்றான். "நடுவர் அவர்களே, அக்கா பாதிப் பேச்ச எங்க அணிக்கு வந்து பேசிட்டாங்க. எங்க பக்கம் அவங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்க."

"நாற்காலி கிடக்கட்டும் தம்பி. உங்க புது விமானத்துலயும் ஒரு பிள்ளைதான உக்காந்துருக்கான்? அவனுக்கும் சேத்துத்தான் பேசுனேன்."

"அப்ப நான் உக்காந்துக்கிடுறேன்" என்று அவன் உட்கார்ந்ததில் கூட்டம் மறுபடி சிரித்தது.

அண்ணாச்சி தீர்ப்புக்கு எழுந்தார். அவர் மனசில் கொண்டுவந்திருந்த தீர்ப்பு வேறு என்பது முகத்திலேயே தெரிந்தது. சோடாவைக் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். முதலாளியின் காலி நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் பருப்பு வியாபாரி. தராசு முள்ளு நடுவுல நின்னா எனக்கு ஆகாது. ஆனா இன்னைக்கு ரெண்டு சரக்கையும் ஒரே தட்டுல போட்டுட்டாக இந்த அம்மா. பழைய விமானம் மோத முடியும், ஆள ஏத்தாம. ஆள ஏத்தித்தான் மோதணும்னா முடியாது. முடியவும் கூடாது. இதுதான் என் தீர்ப்பு. பிடிக்காதவுக கடைக்கு வந்து சண்டை போடுங்க, பருப்பும் வாங்கிட்டுப் போங்க."

மேடையை விட்டு இறங்கும்போது பார்த்தாள். பஜ்ஜிக் கடை ஓரமாக முனியராஜ் நின்றிருந்தார். வீட்டு லுங்கியோடு, சட்டைப் பித்தான்கூடச் சரியாகப் போடாமல். பாதிப் பேச்சில் கிளம்பி ஓடிவந்தவர் மாதிரி இருந்தது.

"வரலைன்னீக?"

"எதிர்க் கம்பத்து ஸ்பீக்கர் கரகரன்னு கேட்டுச்சு. ஒண்ணும் வெளங்கல. அதான் வந்தேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "விமானச் சத்தம் போட்ட பாரு, அது சத்தமே இல்ல. வீட்டுல வந்து நான் போட்டுக் காட்டுறேன்."

மறுநாள் அண்ணாச்சி போன் செய்தார். முதலாளிக்கு வருத்தம்தான், அடுத்த வருடம் மாமியார் மருமகளே போதும் என்று சொல்லிவிட்டாராம். "எதிரணிக்கு விட்டுக்குடுக்காதன்னு சொன்னேன்ல?" என்று சத்தம் போட்டார். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் தானே குரலை இறக்கிக்கொண்டார். "எம். புதுப்பட்டிக்காரவுக காலையிலேயே வந்துட்டாக. அதே தலைப்பு வேணுமாம், அதே அம்மா வேணுமாம். சித்திரை முச்சூடும் தலைமை உனக்குத்தான். ஆனா இந்தத் தடவை நீ முடியாதுங்கிற அணி. ஸ்ரீராம்குமார் முடியும்ங்கிற பக்கத்தக் கேக்குறான்."

"எந்தப் பக்கம் உக்கார வச்சாலும் நான் இதைத்தான் பேசுவேன் அண்ணாச்சி."

"அது தெரிஞ்சுதான கூப்பிடுறாக."

"இன்னொண்ணு. தலைமைன்னா என் அணிக்கு ஆள நான்தான் எடுப்பேன்."

அண்ணாச்சியின் மண்டியில் மூட்டை எடை போடுகிற சத்தம் போனில் கேட்டது. "எடு" என்றார்.

பாக்கிங் ஹாலில் அவள் முத்துமாரிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். "புதுப்பட்டியில பேச வா" என்றாள்.

"எனக்கு என்னத்தப் பேசத் தெரியும்?"

"என்கிட்ட கேட்டீல்ல, அதையே முன் வரிசையப் பாத்துக் கேளு. வேற ஒண்ணும் வேண்டாம்."

முத்துமாரி ஒரு பெட்டியை மூடி ஓரமாக வைத்தாள். அடுத்த பெட்டியை எடுத்தாள். ஹாலே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாறேன்" என்றாள். "அந்த மைக்கு கரண்டு அடிக்காதுல்ல?"